தொட்டியில் மிதந்த பீச் பழங்கள்

ஆர்வல் தேசர் கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்தபோது, மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய தொட்டியில் பீச் பழங்கள் மிதந்துகொண்டிருந்தன. பாதியாக வெட்டிய, மஞ்சளும் சிவப்புமான பழங்கள். அவற்றை ஒட்டி ஒரு பட்டாணிக் கொத்து. அதற்கும் பின்னால் ஒரு மக்காச்சோளக் கதிர், பச்சைத் தோகையோடு, யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து ஆவி எழும்பி விளக்கைச் சுற்றி நின்றது. ஒரு கணம் அவருக்கு அது அழகாகவே தெரிந்தது. மகள் மிலா பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அவையெல்லாம் காகிதம் என்பது மண்டையில் ஏறியது.

பின்னால் வந்த ஜோலின் வாவ்ரா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். டோப்ரி ஊர்ப் பள்ளியின் விவசாய மாணவர் சங்கத்துக்கு இந்த வருஷம் அவள்தான் தலைவி.

"மிஸ்டர் தேசர், அது லேபிளா?"

"ஆமாம்மா."

"எல்லாத்துலயுமா?"

அவர் சட்டைக் கையைச் சுருட்டாமலே தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு டின்னை எடுத்தார். வெறும் வெள்ளித் தகரம். இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. பக்கத்தில் இன்னும் இரண்டு தொட்டிகள் இருந்தன. அவற்றின் மேலும் தக்காளியும் காளானும் சிரித்த முகத்தோடு ஒரு சமையல்காரரும் மிதந்துகொண்டிருந்தார்கள்.

"எல்லாத்துலயும்தான்," என்றார்.

அறுவடை முடிந்ததும் டோப்ரியிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் பள்ளி விவசாயச் சங்கத்துப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் டின் உணவு சேகரிப்பது ஐந்து வருஷமாக நடந்துவருகிறது. ஆரம்பித்து வைத்தவள் ஆர்வலின் மகள் மிலா. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. சங்கத்தின் நீலக் கோட்டு புதிது. நெஞ்சில் மஞ்சள் நூலில் தைத்த பெயர்கூட இன்னும் மினுக்கம் போகாமல் இருந்தது. மூன்று ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே கொட்டகையில் சேர்த்து வைத்தது அவளுடைய வாய்ச் சாமர்த்தியம். பதினைந்து மாதங்களுக்கு முன்னால், ஓர் ஆகஸ்ட் மாலையில், சரளைச் சாலைகள் இரண்டு குறுக்கிடும் ஒரு முனையில் அவள் போய்விட்டாள். மக்காச்சோளம் காரின் கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் மாதம் அது. குறுக்கே வந்த வண்டிக்கு அவள் கார் தெரியவில்லை. அவளுக்கும் அந்த வண்டி தெரியவில்லை.

போன வருஷம் ஊரே அழுதுகொண்டு டின் கொடுத்தது. இந்த வருஷம் அப்படி இருக்காது என்பதை விவசாய வாத்தியார் ஏலர்ஸ் செப்டம்பரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"ஆர்வல், உங்கிட்ட எதுக்கு ஒளிக்கணும்? பசங்களுக்கு இதுல மனசு இல்ல. ஆரஞ்சுப் பெட்டி வித்தா அந்தக் காசுல டூராவது போகலாம்கிறாங்க. சின்ன கிளாஸ் பசங்களுக்கு அவளத் தெரியக்கூடத் தெரியாது. நவம்பர் கடைசில நன்றித் திருநாள் வருதே, அதுக்கு முந்தின திங்கக்கிழமை மூணு சங்கத்தையும் உட்கார வெச்சு ஓட்டுக்கு விடப்போறேன். தொடரணுமா, விட்டுடலாமான்னு."

"இந்த வருஷம் நல்லபடியா நடந்துட்டா?"

"நடந்துட்டா பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஆர்வல் டிராக்டரைக் கொடுத்தார், கொட்டகையைக் கொடுத்தார், தானியம் ஏற்றும் டிரெய்லரையும் கொடுத்தார். அந்த டிரெய்லரில்தான் செப்டம்பரில் பூஞ்சை மருந்து பூசி விதை நேர்த்தி செய்த கோதுமையை வயலுக்கு ஏற்றிப் போயிருந்தார். பெருக்காமல் இல்லை. ஆனால் மூலையில் ஒட்டிய தூள் பெருக்கினால் போகிற தூளா? செவ்வாய்க்கிழமை மாலை கடைசி டின்களை இறக்கும்போது, பன்றி வளர்ப்பில் பரிசு வாங்கிய நெட்டைப் பையன் டஸ்டியின் உள்ளங்கை இளஞ்சிவப்பாக இருந்தது.

"என்னடா, ரோஜாப்பூ பறிச்சியா?" என்று ஜோலின் கேட்டாள்.

ஆர்வல் அந்தக் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விதை மருந்தின் நிறம். அந்த மருந்துக்கு அந்த நிறத்தைக் கொடுப்பதே, யாரும் தெரியாமல் வாயில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

"ஒரு டின்கூட இப்படியே போகக் கூடாது. கையக் கழுவுடா முதல்ல. சோப்பு போட்டு," என்றார்.

கழுவுவது அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. கண்காட்சிக்குப் போகும் கன்றைக் காதுமடல் வரை தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர்கள். மூன்று தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, பனிக்காலத்தில் தொட்டித் தண்ணீர் உறையாமலிருக்க வைத்திருந்த சூட்டுக் கம்பிகளை உள்ளே போட்டு, சமையலறை சோப்பு இரண்டு பாட்டிலைக் கவிழ்த்து, ஆயிரத்து நானூறு டின்களையும் கையுறையோடு இறக்கினார்கள். "ஊறட்டும், ஊறினாத்தான் போகும்," என்றார் ஆர்வல். அவர் மனைவி வெர்னா ஈரல் உருண்டை சூப் வைத்திருந்தாள். எல்லோரும் போய்ச் சாப்பிட்டார்கள். ஒரு மணி நேரம்தான். அதற்குள் ஊற வேண்டியது ஊறி, போக வேண்டியதும் போகக் கூடாததும் சேர்ந்தே போய்விட்டிருந்தன.

தண்ணீரை மாற்றி இரண்டு முறை அலசி, துடைத்து, வைக்கோல் மேல் டின்களைப் பரப்பினார்கள். வரிசை வரிசையாக, முகம் தெரியாத ஒரு கூட்டம் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது. டஸ்டி ஒரு டின்னை எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்தான்.

"இது பட்டாணி."

"எப்படிச் சொல்ற?"

"தண்ணி நெறைய. உள்ள பொடிப்பொடியா ஓடுது."

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி உண்டு. நான்கு கிடாரிகளை வரிசையாக நிறுத்திவிடுவார்கள். எது முதல், எது கடைசி என்று முடிவு செய்து, நடுவர் முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரணம் சொல்ல வேண்டும். டஸ்டி நான்கு டின்களை வைக்கோல் கட்டின் மேல் நிறுத்தினான். கையைப் பின்னால் கட்டினான்.

"நடுவர் அவர்களே, இந்த வரிசைல மூணாம் நம்பரை முதல்ல வைக்கிறேன். நெறஞ்ச உடம்பு, அடிக்கனம், குலுக்கினாலும் அலட்டிக்காம நிக்குது. பூசணிக்கூழ்னு அடிச்சுச் சொல்லுவேன். ஒன்னாம் நம்பர் அழகுதான், ஆனா நடைல ஒரு தளர்ச்சி இருக்கு…"

எல்லோரும் சிரித்தார்கள். ஜோலின் டின் திறப்பானை எடுத்து மூன்றாம் நம்பரைத் திறந்தாள். முகர்ந்தாள். மூடியைச் சாய்த்துக் காட்டினாள்.

"நடுவர் தீர்ப்பு: நாய் தீனி."

சிரிப்பு கொட்டகைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. ஆர்வலும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, இந்த டின்களைச் சர்ச்சில் இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டிய சனிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள் என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் அவர் சர்ச்சின் கீழ்த்தளத்துக்குப் போனார். இல்லாதவர்களுக்கு உணவு கொடுக்கும் இடம் அங்கேதான் இருந்தது; பார்த்துக்கொண்டவள் அயோன் பீட்டர்சன். நல்லவள், ஆனால் சட்டம் என்றால் சட்டம். அலமாரிகள் பாதிக்கு மேல் காலி. அவர் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"லேபிள் இல்லாத டின்ன நான் தரவே கூடாது, ஆர்வல். சர்க்கரைக்காரங்க வர்றாங்க. வேர்க்கடலை பட்டாலே தொண்டை வீங்குற ஒரு சின்னப் பொண்ணு வருது."

"பசங்க குலுக்கியே சொல்லிடுறாங்க, அயோன். முக்கால்வாசி சரியாத்தான் இருக்கு."

"நாய் தீனியக்கூட சரியாத்தான் சொன்னாங்களாமே?"

"அத உனக்கு யார் சொன்னா?"

"டோப்ரில இருக்குறதே முந்நூறு பேர். யார் சொல்லலன்னு கேளு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சனிக்கிழமை மூணு ஊர்லேர்ந்தும் எழுபது குடும்பம் வரும். வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்றது, அதையும் நீயே சொல்லிடு."

ஆர்வல் படியேறி வெளியே வந்தார். வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வயலிலிருந்து வீட்டை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. வெர்னா உருளைக்கிழங்கை வேகவைத்துவிட்டு, கொட்டகையிலிருந்து கொண்டுவந்த ஒரு மொட்டை டின்னைத் திறந்தாள்.

"என்ன அது?"

"பேரிக்காய்."

"உருளைக்கிழங்குக்குப் பேரிக்காயா?"

"நான் பீட்ரூட்டா இருக்கும்னு நெனச்சேன்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சமையலறையில் அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. "வாயத் திறங்க. ஒன்னும் செத்துட மாட்டீங்க."

"உனக்குப் பிடிக்காதது எதாவது இருந்திருந்தா?"

"மூடி வெச்சுட்டு வேறொன்னத் திறப்பேன். நம்ம அலமாரில டின்னுக்கா பஞ்சம்?"

ஆர்வல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தெரியாத டின்னைத் திறந்து விளையாட வேண்டுமானால், வீட்டில் தெரிந்த டின் ஒன்று இருக்க வேண்டும். மூன்று ஊரிலும் எந்த வீட்டு அலமாரியில் அது இல்லை? சர்ச்சுக்கு வருகிற எழுபது வீட்டில் இல்லை. மற்ற வீடுகளில் இருக்கிறது.

அன்றிரவே வாத்தியார் ஏலர்ஸைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். ஏலர்ஸ், "அப்போ திரும்பவும் அதே வீட்டுக்கெல்லாம் போகணுமா? போன வாரம் குடுத்தவங்ககிட்டயே?" என்றார்.

"போய், இந்தா ஊர் பேர் தெரியாத டின், அதுக்குப் பதிலா முகம் இருக்குற டின் ஒன்னு குடுங்கன்னு கேக்கணும்."

"யாரு கேக்குறது?"

"அறுபது பசங்க இருக்காங்க. வடக்குப் பக்கத்துச் சாலைய எனக்கு விட்டுடுங்க. தப்பு என்னுது."

சொல்லிவிட்டாரே தவிர, வியாழக்கிழமை மாலை வண்டியில் உட்கார்ந்தபோது கை சாவியைத் திருப்ப மறுத்தது. வடக்குச் சாலையில் இருக்கும் ஒவ்வொரு வீடும் பதினைந்து மாதத்துக்கு முன்னால் துக்கம் கேட்க, சாப்பாடு வைத்து மூடிய பாத்திரத்தோடு அவர் வீட்டு வாசலுக்கு வந்த வீடு. அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தவள் வெர்னா. அதன் பிறகு அவர் யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை.

வடக்கே போக, மிலா விபத்தில் போன அந்தச் சாலை முனையைக் கடந்தாக வேண்டும். வண்டியை நிறுத்தினார். நவம்பரில் அங்கே எல்லாம் தெரிந்தது. மக்காச்சோளத்தை அறுத்துவிட்டார்கள், கணுக்கால் உயரத்துக்கு அடித்தட்டை மட்டும் நின்றது. மூடுபனி தரையோடு படிந்திருக்க, அதற்கு மேலே உலகம் நாலு பக்கமும் திறந்து கிடந்தது. இரண்டு மைல் தூரத்தில் யாரோ ஒருவருடைய வண்டி விளக்கு, தண்ணீரில் மிதக்கும் அகல்போல வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும் வரை ஆர்வல் காத்திருந்தார். ஓட்டிக்கொண்டு போனவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொன்னார். ஆர்வலும் ஒரு விரலைத் தூக்கினார்.

முதல் வீடு எமில் க்ராலுடையது. எழுபதைத் தாண்டிய தனிக்கட்டை. கதவைத் திறந்து, ஆர்வலையும் அவர் கையிலிருந்த சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன வாரந்தான் குடுத்தேனே?"

"குடுத்தீங்க. நாந்தான் அதோட மூஞ்சியக் கழுவிட்டேன்."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். எமில் தாடையைத் தடவிக்கொண்டார்.

"விதை மருந்து ஏத்துன டிரெய்லர்ல சாப்பாட்ட ஏத்துன."

"ஆமா."

"முப்பது வருஷமா விவசாயம் பாக்குற நீ."

"ஆமா."

"முட்டாப்பய."

"ஆமா, எமில்."

"உள்ள வா. குளிரெல்லாம் வீட்டுக்குள்ள வருது."

எமில் சாக்கிலிருந்து டின்களை மேசை மேல் பரப்பி, மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகக் குலுக்கினார். மூன்றைப் பொறுக்கிக்கொண்டு, அலமாரியிலிருந்து லேபிள் ஒட்டிய ஆறைத் தூக்கி வைத்தார். பொறுக்கியதில் ஒன்றை அங்கேயே திறந்தார். செர்ரிப் பழக் கூழ். இரண்டு கரண்டி எடுத்து, ஒன்றை ஆர்வலிடம் நீட்டினார். இருவரும் நின்றபடியே டின்னிலிருந்து சாப்பிட்டார்கள்.

"உம் பொண்ணு வருவா இல்ல," என்றார் எமில், டின்னுக்குள் பார்த்துக்கொண்டே. "அவளுக்கு வருஷா வருஷம் கீரை டின்னத்தான் குடுப்பேன். 'எமில், கீரைய எந்த மனுஷன் திம்பான்? பசிச்சவனுக்கும் நாக்கு இருக்கு'ன்னு வாசல்லயே நின்னு சண்டை போடுவா. விட்டுக்குடுக்கவே மாட்டா. அந்தச் சண்டைக்காகவே கீரை வாங்கி வெச்சிருப்பேன்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"அப்பங்கிட்ட எதுக்குச் சொல்றது? அது எங்க ரெண்டு பேர் தகராறு."

ஆர்வல் செர்ரியை விழுங்கினார். அவருக்குத் தெரியாத ஒரு மிலா இந்த வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றிருக்கிறாள். அவருக்குத் தெரிந்தவளைவிட வாய் நீளமானவள். அவளை இப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது.

எமில் கொடுத்த ஆறு டின்னில் ஒன்றுகூடக் கீரை இல்லை. வண்டியில் ஏற்றும்போதுதான் கவனித்தார்.

அடுத்த வீட்டுக்கு அவர் போய்ச் சேருவதற்குள் எமிலின் தொலைபேசி போய்ச் சேர்ந்துவிட்டது. வாசல் விளக்கு எரிந்தது. "எங்க டின் எங்க? குலுக்காம எடுக்கணுமா, குலுக்கி எடுக்கலாமா?" என்று ஒரு பெண்மணி இடுப்பில் கட்டிய சமையல் துணியோடு படியிலேயே நின்று கேட்டாள். அதற்கடுத்த வீட்டில் குழந்தைகள் மூவரும் ஆளுக்கொரு டின்னை மடியில் வைத்துக்கொண்டு, அதில் என்ன இருக்க வேண்டும் என்று வேண்டுதல் வைத்தார்கள். வியாழன், வெள்ளி இரண்டு மாலையும் ஆர்வல் அப்படியே போனார். பனிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் விளக்கு வரும். அதன் கீழே ஒரு கதவு வரும். கதவுக்குப் பின்னால் ஒரு சமையலறையும் அதன் வெப்பமும் வரும். பிறகு எல்லாம் மறுபடியும் பனிக்குள் போய்விடும். எந்த வீட்டில் என்ன பேசினோம் என்பதே பின்னால் அவருக்குக் கலங்கிப்போனது. எந்த வீட்டிலும் வாசலோடு விடவில்லை என்பது மட்டும் தெளிவாக நின்றது.

பிள்ளைகளும் கதைகளோடு திரும்பினார்கள். நாய் தீனி வந்த வீட்டில் பரிசு விழுந்ததுபோலக் கத்தினார்களாம். ஒரு வீட்டில் அடுத்தடுத்து மூன்று டின்னும் காளானாக வந்து, மாமியார்தான் குலுக்கத் தெரியாமல் எடுத்தாள் என்று மருமகள் சண்டைக்கு நின்றாளாம்.

சனிக்கிழமை காலை அயோன் ஒவ்வொரு டின்னையும் திருப்பித் திருப்பிப் படித்து அலமாரியில் ஏற்றினாள். போன வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் கடைசித் தட்டு வரை நிறைந்தது. ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தபோது, முதலில் வந்த பெண்மணி அலமாரி முன் நின்று நிதானமாகத் தேர்ந்தெடுத்தாள். ஒன்றை எடுத்து, படித்து, திருப்பி வைத்து, வேறொன்றை எடுத்தாள். ஆர்வல் படிக்கட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஓட்டு. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். மூன்று சங்கமும் விவசாய வகுப்பறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. அவர் பின்னால், வெல்டிங் மேசையை ஒட்டி நின்றுகொண்டார். போன வருஷத்தைவிடக் குறைவு என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஜோலின் மரச் சுத்தியால் தட்டினாள்.

"டின் சேகரிப்பு. தொடரலாமா, விட்டுடலாமா? பேச விரும்புறவங்க எழுந்து பேசலாம். டஸ்டி, உனக்கு ரெண்டு நிமிஷம். நாய் தீனியப் பத்தி ஒரு வார்த்தையும் கிடையாது."

"தலைவி அவர்களே, அது பூசணி மாதிரிதான் இருந்துச்சு." சிரிப்பு அடங்கக் காத்திருந்தான். "தொடரணும்னு முன்மொழிகிறேன். அடுத்த வருஷமும் கொஞ்சம் டின்ல லேபிள எடுத்துட்டு, வீட்டுக்காரங்ககிட்ட மாத்திக்கணும். எங்க தெருவுல இப்பவே கேக்குறாங்க."

"கிழிச்சு எடுக்கணும்," என்றது ஒரு சின்ன வகுப்புக் குரல்.

"கிழிச்சாப் பசை நிக்கும்டா. ஊற வெக்கணும்."

"அதுக்கு எவ்வளவு நேரம்?"

"ஒரு சூப் குடிக்கிற நேரம்!"

பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் ஆரஞ்சுப் பெட்டியைப் பற்றி ஏதோ சொன்னான். அவனை மற்றவர்கள் பேசவிடவில்லை. ஜோலின் தட்டிப் பேசவிட்டாள். அதற்குள் அவனே அந்த எண்ணத்தைப் பாதி மறந்திருந்தான். குலுக்கும் போட்டி வைக்கலாமா, எமில் க்ராலை நடுவராகக் கூப்பிடலாமா என்று பேச்சு ஓடியது. அதிகம் கத்தியது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். மிலாவோடு ஒருநாள்கூட டின் சேகரிக்கப் போயிராதவர்கள்.

ஆர்வல் அவள் பெயருக்காகக் காத்திருந்தார். யாராவது எழுந்து சொல்வார்கள். அவளுக்காகவாவது தொடரலாம் என்பார்கள். சரி என்று கை தூக்குவார்கள். அப்படித்தான் அவர் நினைத்து வந்திருந்தார். யாரும் சொல்லவில்லை. முதலில் அது நெஞ்சில் உரசியது. ஆனால் அந்த இரைச்சலில் நின்று கேட்கக் கேட்க, அதில் எமில் வாசலில் சண்டை போட்ட மிலாவுடைய வாய் கேட்டது. பிள்ளைகளுக்கு அது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

"தொடரணும்கிறவங்க கையத் தூக்கலாம்," என்றாள் ஜோலின்.

நீலக் கோட்டுக் கைகள் வரிசை வரிசையாக எழுந்தன. பாதிக்கு மேல் என்பது எண்ணாமலே தெரிந்தது. ஜோலின் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்து, பின்சுவர் வரை வந்ததும் நிறுத்தினாள்.

"மிஸ்டர் தேசர்."

"என்னம்மா?"

"நீங்க உறுப்பினர் இல்ல. கைய இறக்குங்க."

அறை முழுவதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எப்போது தூக்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை. காது வரை சிவந்து, கையை இறக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஜோலின் முதல் வரிசையிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினாள்.